கூட்டத்தைப் பார்த்து பஸ் ஏறலாமா?

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையம். அதையொட்டி, லாரி பேக்கர் கட்டிய சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸ். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும், மாடிப்படிகளுக்கு மேலே கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் பலகைகள் கண்ணில் படும். நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை பக்கங்களிலிருந்து காலை ரயிலில் வரும் இளைஞர்களில் பலர் இந்தப் படிகளைத் தேடித்தான் வருகின்றனர். நமது சாலை பஜார், கரமனை வீடுகளின் பிள்ளைகளும் அவ்வாறே.

சில வாரங்களுக்கு முன், சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் காபி ஹவுஸில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு அச்சிட்ட தாள். பயிற்சி நிலையம் ஒன்றில் கொடுத்தது. உலகத்தின் முதல் பத்து கம்ப்யூட்டர் மொழிகள் என்று தலைப்பிட்டு, வரிசை எண் போட்டு, முதலாவதாக நிற்கும் பைத்தான் என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இதுதான் முதலிடமாம். இதைப் படித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். பையனுக்கு வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்: "ஆனால் மூத்தவளைச் சேர்த்தபோதும் இப்படி ஒரு தாளைத்தான் காட்டினார்கள். அதில் ஜாவா முதலிடம் என்று இருந்தது. அது எங்கே போயிற்று?"

நியாயமான கேள்வி. பெற்றோர் பலர் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதே சந்தேகத்தில் இருக்கின்றனர் என்பதால், அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

வேலைக்குப் பிறந்த மொழிகள்

கம்ப்யூட்டருக்கு நாம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்கு ஏற்பட்டவையே புரோகிராம் மொழிகள். ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் பிறந்தது. 1957ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், விஞ்ஞானக் கணக்குகளுக்காக வந்தது. 1959ல் தொடங்கிய முயற்சியில் உருவான கோபால், வங்கி, சம்பளப் பட்டியல், காப்பீடு போன்ற அலுவலகக் காரியங்களுக்கு. 1964ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேஸிக், விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கம்ப்யூட்டரைத் தொடட்டும் என்பதற்காக. 1972ம் ஆண்டு வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி அமைத்த சி மொழி, கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஏற்பாடுகளை எழுதுவதற்கு. 1991ல் ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ராஸம் வெளியிட்ட பைத்தான், படிக்கவும் எழுதவும் எளிதாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில். 1995ல் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வந்தன. பெயரில் ஒற்றுமை இருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

இன்றும் வேலையை வைத்துத்தான் மொழி. இணையப் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு செல்போன் செயலிகளுக்குக் கோட்லின் மொழியை 2019 முதல் கூகுள் முன்னிறுத்துகிறது. மின்சாதனங்களுக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர்களுக்கு சி. பெரிய வங்கிகளின் பழைய ஏற்பாடுகளில் கோபால். புள்ளிவிவர ஆராய்ச்சிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் பைத்தான். சுத்தியலும் அரமும் ஒரே பெட்டியில் கிடப்பது போல இவை ஒரே தொழிலில் கிடக்கின்றன. அப்படியிருக்க, இவற்றை வரிசையாக நிறுத்தி எண் போடுபவர் எதை எண்ணுகிறார் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நாலு பட்டியல், மூன்று முதலிடம்

தாள்களில் அதிகமாக எடுத்தாளப்படுவது டியோபி என்ற ஹாலந்து நிறுவனத்தின் பட்டியல். 2001ம் ஆண்டு முதல் மாதந்தோறும் வெளிவருகிறது. இணையத்தில் தேடும் கருவிகளில் ஒரு மொழியின் பெயரைப் போட்டு, அதைப் பற்றி எத்தனை பக்கங்கள் அகப்படுகின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். அதாவது, எவ்வளவு பேசப்படுகிறது என்ற கணக்கு. எது சிறந்த மொழி என்பதையோ, எதில் அதிக வரிகள் எழுதப்பட்டுள்ளன என்பதையோ இது காட்டாது என்று அந்த நிறுவனமே தன் பட்டியலின் தலைப்பில் எழுதியிருக்கிறது. பயிற்சி நிலையத் தாளில் அந்த வரி மட்டும் அச்சாவதில்லை. இந்தப் பட்டியலில் பைத்தான் முதலிடம்.

இரண்டாவது, பி.ஒய்.பி.எல். பட்டியல். மொழியைக் கற்றுக்கொள்ளும் பாடங்களை எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்பதை இது எண்ணுகிறது. இதிலும் பைத்தானே முதல்.

மூன்றாவது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் இணையதளம் 2011 முதல் ஆண்டுதோறும் நடத்தும் சர்வே. 2024ம் ஆண்டு சர்வேயில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டபோது, 62 சதவீதத்தினர் ஜாவாஸ்கிரிப்ட் என்றனர். பைத்தான் என்றவர்கள் 51 சதவீதம். இங்கே முதலிடம் கைமாறிவிட்டது. இதே சர்வேயில், பயன்படுத்துவோரால் அதிகம் விரும்பப்படும் மொழியாக 2016 முதல் ரஸ்ட் என்ற மொழி வந்துகொண்டிருக்கிறது; ஆனால் அதைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையோ குறைவு. விரும்பப்படுவது ஒன்று, கையில் இருப்பது வேறொன்று.

நான்காவது, புரோகிராம்களைச் சேமித்து வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் கிட்ஹப் களஞ்சியத்தின் கணக்கு. 2024ல் அங்கே ஜாவாஸ்கிரிப்டைத் தாண்டிப் பைத்தான் முன்னே வந்தது. 2025 ஆகஸ்டில், எழுதுவோரின் எண்ணிக்கையில் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழி இரண்டையும் தாண்டியது. 2012ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட அந்த மொழி, நமது கடைக்காரர் கொண்டு வந்த தாளின் முதல் பத்துக்குள்ளேயே இல்லை!

பட்டியல்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றை எண்ணுகின்றனர்.

பஸ் நிலையத்துக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளத் தம்பானூர் பஸ் நிலையத்தை விட நல்ல பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. எந்த ஊர் பஸ் பிரபலமானது என்று கண்டுபிடிக்க ஒருவர் அங்கே வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். விசாரணை ஜன்னலில் எந்த ஊரைப் பற்றி அதிகம் பேர் கேட்கிறார்கள் என்று அவர் எண்ணலாம். யார் வந்து கேட்பார்கள்? முதன்முறையாக வந்தவர், பஸ்ஸின் மலையாளப் பலகையைப் படிக்கத் தெரியாதவர். நெய்யாற்றின்கரையிலிருந்து இருபது வருடமாக வந்து போகும் குமாஸ்தா ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கேள்வியை எண்ணும் கணக்கில் அவர் இல்லவே இல்லை. ஆனால் தினமும் பஸ்ஸில் போகிறவர் அவர்தான்.

பாடங்களைத் தேடுவோரை எண்ணும் பட்டியல் இந்த ஜன்னல் கணக்குப் போன்றது. புதிதாக ஒரு மொழிக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதை நன்றாகக் காட்டும். ஏற்கெனவே அதை வைத்துப் பிழைப்பவர்களைக் காட்டாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்கப்படும் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சந்தேகங்களை மக்கள் இப்போது இயந்திரத்திடமே கேட்டுக்கொள்கின்றனர். ஜன்னலில் கூட்டமில்லை என்பதால் பஸ்ஸில் ஆளில்லை என்று எழுதிவிட முடியுமா?

எல்லாக் கணக்கையும் சரியாக எடுத்து, இன்று அதிகக் கூட்டம் ஏறுவது கொல்லம் பஸ்ஸில்தான் என்று ஒருவர் நிரூபித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். களியக்காவிளைக்குப் போக வேண்டியவர் அதற்காகக் கொல்லம் பஸ்ஸில் ஏறுவாரா?

மூத்த மகளின் ஜாவா

கடைக்காரரின் மூத்த மகள் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண் சேர்ந்தது 2019ல். அப்போது டியோபி பட்டியலில் ஜாவா முதலிடம் என்பது உண்மையே. 2020 மே மாதம் சி அதைத் தாண்டியது. 2021 அக்டோபரில் பைத்தான் இரண்டையும் தாண்டி முதலிடம் பிடித்தது. இருபது ஆண்டுகளாக சி, ஜாவா என்ற இரண்டே மொழிகள் மாறி மாறி இருந்த இடம் அது. ஆக, மூன்று ஆண்டுக்குள் மூன்று முதல்வர்கள்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. இன்றைக்கும் அவள் கழக்கூட்டத்தில் வேலை செய்வது ஜாவாவில்தான். அவளுடைய அலுவலகம் மாதந்தோறும் பட்டியலைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வதில்லை; மாற்றவும் முடியாது. எழுதி வைத்த லட்சக்கணக்கான வரிகளை யாராவது பராமரித்தாக வேண்டும். ஜாவா எங்கே போயிற்று என்று தகப்பனார் கேட்டாரே, அது அவர் வீட்டுக்கே மாதச் சம்பளமாக வந்துகொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் கோபால். 2000ம் ஆண்டு பிறக்கும்போது தேதிக் கணக்கு தவறிவிடும் என்ற பயத்தில், பழைய புரோகிராம்களைத் திருத்த ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டனர். இந்தியாவிலும் இளைஞர்கள் கோபால் வகுப்புகளுக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு பிறந்தது, தேவை வடிந்தது, ஓடியவர்களில் பலர் வேறு மொழிக்கு மாற வேண்டியதாயிற்று. கூட்டத்தின் பின்னால் ஓடுவதில் உள்ள ஆபத்துக்கு இது சான்று. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுக் குவிந்தனர். அங்குள்ள பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைக் கவனிக்கக் கோபால் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று அம்மாநில கவர்னரே பத்திரிகையாளர் கூட்டத்தில் வேண்டுகோள் விடுத்தார். அறுபது வயதான மொழி; பட்டியலில் எங்கோ கீழே கிடந்த மொழி. மக்களுக்குச் சேர வேண்டிய பணம் அதன் கையில் இருந்தது.

மொழிகள் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டுவதும் இல்லை. முதலிடத்துப் பைத்தானின் மூல வடிவம் எழுதப்பட்டிருப்பதே சி மொழியில்தான். பைத்தானில் பெரிய கணக்குகளைப் போடும்போது, அடியில் உழைக்கும் நூலகங்களில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவையும் உண்டு. மேலே ஏறி நிற்பவரைத் தாங்கும் தோள்கள் பட்டியலில் கீழே இருக்கின்றன.

கூட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு

பட்டியல்களைக் குப்பையில் போட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கூட்டம் அதிகமுள்ள வழித்தடத்தில் பஸ்களும் அதிகம் விடுவார்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும். அதுபோலவே, பலர் பயன்படுத்தும் மொழிக்குப் புத்தகம் அதிகம், ஆசிரியர் அதிகம், சந்தேகம் வந்தால் தீர்ப்பாரும் அதிகம். ஆரம்ப நிலையில் இருக்கும் மாணவனுக்கு இது பெரிய வசதி. எவருமே பயன்படுத்தாத மொழியில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பட்டியல் உதவும். பத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் உண்டு. பத்துக்குள் ஒன்றா, நாலா என்று பார்த்துக் கடன் வாங்குவதில்தான் பயனில்லை.

பைத்தானும் தகுதியில்லாத மொழியல்ல. ஆரம்பப் பாடத்துக்கு அது மிக ஏற்றது. தமிழ்நாட்டில் 11ம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடத்தில் சி பிளஸ் பிளஸும், 12ம் வகுப்பில் பைத்தானும் வைத்திருக்கின்றனர். கேரளத்தில், 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017ல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. பூஜப்புரையில் இருந்து இயங்கும் அந்த நிறுவனத்தின் மேற்பார்வையில், சிறு வகுப்புகளில் ஸ்கிராட்ச் என்ற பட மொழியும் உயர்நிலை வகுப்புகளில் பைத்தானும் கற்பிக்கப்படுகின்றன. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் விலையில்லாச் சுதந்திர சாப்ட்வேரே உபயோகிக்கப்படுகிறது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் காசு கொடுக்காமல் பைத்தானைப் போட்டுக்கொள்ளலாம்.

நம்மவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: கேரள அரசின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியாகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையின் பையிலேயே பைத்தானின் ஆரம்பப் பாடம் தமிழில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல், அதே ஆரம்பப் பாடத்துக்கு மாடிப்படி ஏறிப் பணம் கட்டும் பெற்றோர் எத்தனை பேர்! மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் நமக்குக் கிடைத்திருக்கும் உரிமை இது. பயன்படுத்தாத உரிமை நாளடைவில் இல்லாமலே போய்விடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் பயிற்சி நிலையமே வேண்டாமா? வேண்டும். பள்ளிப் பாடத்துக்கு மேல் போவதற்கும், நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்து பழகுவதற்கும் நல்ல பயிற்சி நிலையம் உதவும். ஆனால் பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

பிள்ளை எந்த வேலையை விரும்புகிறான் என்பது முதல் கேள்வி. இணையப் பக்கமா, செல்போன் செயலியா, மின்சாதனமா, கணக்கு வழக்கா? வேலை தெரிந்தால் மொழி தானே தெரியும். இரண்டாவதாக, நாம் வேலை தேடப்போகும் இடத்தில் என்ன கேட்கிறார்கள்? 1990ல் தொடங்கிய டெக்னோபார்க் நமக்குப் பக்கத்திலேயே, கழக்கூட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள கம்பெனிகளின் ஆள் தேவை விளம்பரங்களை ஒரு மாதம் உட்கார்ந்து படித்து, எந்த மொழி எத்தனை தடவை வருகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டால், நமக்கு வேண்டிய பட்டியல் நம் கையாலேயே தயாராகிவிடும். தகவல் கிடங்கைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். என்ற பெயர் அதில் அடிக்கடி வருவதையும் காணலாம். தாளில் அதற்கு யாரும் சிவப்பு வட்டம் போடுவதில்லை.

மூன்றாவது கேள்வி பயிற்சி நிலையத்துக்கு. வகுப்பு முடியும்போது மாணவன் சொந்தமாக எதைச் செய்து முடித்திருப்பான்? சென்ற ஆண்டு படித்தவர்கள் செய்ததைக் காட்ட முடியுமா? நடுவில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் தருவார்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் முதலிடத்தை மட்டும் காட்டுகிற இடத்தில், படியிறங்கி வந்துவிடுவது நல்லது.

பழைய காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனார்கள். ரெமிங்டனில் பழகியவர் ஆபீஸில் கோத்ரெஜ் மெஷினைக் கண்டு பயந்து ஓடவில்லை. பழகியது விரல். புரோகிராம் எழுதுவதிலும் அப்படித்தான். ஒரு பெரிய காரியத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பது, நிபந்தனை போடுவது, திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, தவறு எங்கே என்று பொறுமையாகத் தேடுவது, இவையே அந்த விரல் பழக்கம். ஒரு மொழியில் இவற்றை ஒழுங்காகக் கற்றவனுக்கு இரண்டாவது மொழி சில மாதங்களில் வசப்படும். இதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழை நன்றாக அறிந்து இந்த ஊருக்கு வந்தவர்கள், பேசப் பேசவே மலையாளத்தைப் பிடித்துக்கொண்டோமே!

மொழிகளை எண்ணிக்கையால் மட்டும் எடை போடுவதில் உள்ள அநீதியும் நமக்குத் தெரியும். இந்த நகரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறுபான்மையினர். அதனால் சாலை பஜாரில் தமிழ் பேசி நடக்கும் வியாபாரம் வியாபாரமில்லை என்று ஆகிவிடுமா?

பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை அச்சிடுங்கள்; தவறில்லை. யாருடைய பட்டியல், எந்த மாதத்தியது, எதை எண்ணியது என்ற மூன்று விவரங்களையும் கூடவே அச்சிடுங்கள். நமது தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம்மவர் பத்துப் பேரை அழைத்து, பெற்றோருடன் உட்கார வையுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அவர்கள் கேட்க விரும்புவதைக் கேட்கட்டும்.

கடைக்காரர் அன்று பணம் கட்டவில்லை. பையனின் பள்ளிப் புத்தகத்தை முதலில் வாங்கிப் பார்த்தார். விடுமுறை முடிவதற்குள் அதிலுள்ள பைத்தான் பாடங்களை முடித்து, கடையின் பற்று வரவுக் கணக்குக்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் காட்டு, பிறகு எந்த வகுப்பு என்று பேசுவோம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் எழுதிக் காட்டினால், அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அவனுக்கே தெரியத் தொடங்கியிருக்கும். அதன் பிறகு வட்டிக்கு வாங்கினாலும் குற்றமில்லை.